அட்மிஷனுக்கு முன்னாடி காதைத் தீட்டுங்க!



தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கடிதம் போட்டிருக்காங்க. கோடு போட்ட பேப்பரில், பேனாவால்! பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. 'ப்ளஸ் டூ முடிச்சாச்சு. பி.ஏ. மியூசிக்தான் படிப்பேன்னு வீட்ல சண்டை போட்டு ஜெயிச்சாச்சு. எட்டு வருஷமா பாட்டு க்ளாஸ் போறேன். வர்ணம் பத்து, கீர்த்தனை நாப்பது கையில இருக்கு. காலேஜ் திறக்க ரெண்டு மாசம் இருக்கே... அதுக்குள்ள இன்னும் எத்தனை கீர்த்தனை பாடம் பண்ணிக்கிட்டா சமாளிக்கலாம்?'

ஒண்ணுகூட வேணாம் தங்கச்சி!

கோபப்படாதீங்க. கீர்த்தனை சொல்லிக் கொடுக்கத்தான் காலேஜ்ல வாத்தியார்கள் இருக்காங்க. அதை அவங்க பார்த்துப்பாங்க. அவங்க சொல்லிக் கொடுக்காத ஒரு விஷயம் இருக்கு. சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னு இல்ல. 'இது இவனுக்கு வந்திருக்கும்'னு நினைச்சுக்கிட்டு நேரா அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. அதுதான் காது. அது இல்லாம உள்ளே போய் முழிச்ச ஆள் நான். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

2004-ல் ஒரு இசைக் கல்லூரியில் சேர்ந்தேன். (எதுன்னு கேட்காதீங்க, என் மானம் சம்பந்தப்பட்டது!) என் கையிலயும் நாப்பது, அம்பது உருப்படி இருந்துச்சு. கோயில் கச்சேரியில பாடி எவர்சில்வர் தட்டு எல்லாம் வாங்கியிருக்கேன். அந்த மிதப்போட முதல் வாரம் ஜமக்காளத்துல முதல் ஆளா உட்கார்ந்தேன். வாத்தியார் வந்தார். பாடச் சொல்லுவார்னு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு ரெடியானா... ஓரமா சாய்ச்சு வெச்சிருந்த தம்பூராவைத் தூக்கி என் மடியில வெச்சார். "ஒரு கட்டைக்குச் சேர்த்து வை. ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அவ்வளவுதான். போயிட்டார்.

எங்க பாட்டு டீச்சர் வீட்ல இருந்தது எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. சுவிட்சைப் போட்டா கேட்கும், குமிழைத் திருகினா கட்டை மாறும். எட்டு வருஷத்துல ஒரு நாளும் நான் சுருதியை 'உண்டாக்கினது' இல்ல. கிடைச்ச சுருதியில ஏறி உட்கார்ந்து பாடினேன். தம்பூராவுல நாலு தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நடுவுல இருக்கிற ரெண்டும் அச்சு அசலா ஒரே ஸ்வரமா இருக்கணும். திருகினேன். ஏறினமாதிரி இருந்துச்சு. இல்ல, இறங்கினமாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் திருகினேன். 'டங்'னு ஒரு சத்தம்... சாரணி அறுந்து என் மூக்குல அடிச்சது. பின்னாடி பதினாலு பேர் சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுல இருக்கு. அது மட்டும் நல்ல சுருதியில இருந்துச்சு!

வாத்தியார் திரும்பி வந்து திட்டவெல்லாம் இல்ல. வேற தந்தி மாட்டி ரெண்டே நிமிஷத்துல சேர்த்துட்டு, "ம்... பாடு"ன்னார். திட்டியிருந்தா தேவலாம்.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் பின்பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிடலாமான்னு யோசனை. மிருதங்கம் ரெண்டாம் வருஷம் படிச்சிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் அங்கே வந்தார். மிருதங்கக்காரங்க காது வேற ரகம். வலந்தலையைச் சுத்திக் கல்லால தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி ஏறுச்சா இறங்குச்சான்னு பார்த்தே பழகினவங்க. என் சோகக் கதையை முழுசாக் கேட்டார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அது என்ன ஸ்வரம் பாடுது?"

அங்கே இருந்தது மின்வாரியத்தோட ட்ரான்ஸ்ஃபார்மர்!

'உம்ம்ம்ம்...'னு அது இழுத்துக்கிட்டே இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? நம்ம நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள்ள இருக்கிற இரும்பு ரெண்டு தடவை அதிரும். ஆக, அது போடுற சத்தம் விநாடிக்கு 100 அதிர்வு. ஹார்மோனியத்துல வெள்ளைக் கட்டைகளை ஒண்ணுல இருந்து எண்ணிக்கிட்டு வந்தா அஞ்சாவது கட்டை, அதன் கீழ் ஸ்தாயியில 98 ஹெர்ட்ஸ். அப்படின்னா நம்ம ஊர் ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாமே கிட்டத்தட்ட அஞ்சு கட்டையில, ஒரு நூல் தூக்கலாப் பாடிக்கிட்டிருக்கு! ஒரு கட்டைக்காரனான எனக்கு அது மந்தர பஞ்சமம். இந்தக் கணக்கெல்லாம் நான் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. அண்ணன் அன்னிக்குச் சொன்னது ஒரே ஒரு வரி: "அதோட சேர்ந்து வாயை மூடி 'ம்ம்ம்' பண்ணு. சேரும்போது உனக்கே தெரியும்."

பண்ணினேன். முதல்ல ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரத்துல ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. என் சத்தமும் அந்தச் சத்தமும் பக்கத்துல வரும்போது நடுவுல 'வௌ... வௌ... வௌ...'னு ஓர் அலை அடிக்குது! நான் கொஞ்சம் நகர்ந்தா அலை வேகமாகுது. இன்னும் நெருங்கினா மெதுவாகுது. சட்டுனு ஒரு இடத்துல அலை நின்னு போச்சு. என் குரல் காணாமப் போயிடுச்சு. வாயை மூடிட்டேனான்னு சந்தேகமே வந்துடுச்சு.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல, ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல வர்ற 'விம்மல்'தான். ஒரு சத்தம் 100, இன்னொண்ணு 97-னா விநாடிக்கு மூணு விம்மல். 99-னா ஒண்ணு. ரெண்டும் 100-னா விம்மலே இல்ல. பரீட்சைக்கு நாம இதை மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கினோம். தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கிறவங்க இதைத்தான் காதால பார்க்கிறாங்க. சாரணியையும் அனுசாரணியையும் மீட்டிட்டு அலை அடிக்குதான்னு கேட்கணும். பிரடையைத் திருகித் திருகி அலையை மெதுவாக்கணும். கடைசி மயிரிழைக்கு குதிரைப் பக்கம் இருக்கிற மணியைத் தள்ளணும். எனக்கு இது கைவர ஒண்ணரை மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வகுப்புல யார் மடிக்குத் தம்பூரா போனாலும், என் மடிக்கு வந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்.

அதனாலதான் சொல்றேன்... அந்த ரெண்டு மாசத்தைக் காதுக்குக் கொடுத்துடுங்க.

'காது பொறவியிலேயே வரணும் சார்'னு ஒரு குரல் கேட்குது. அது பாதிதான் உண்மை. எந்தச் சத்தம் கேட்டாலும் 'இது நாலரைக் கட்டை'ன்னு சொல்லிடற ஆட்கள் இருக்காங்க. அது அபூர்வம். பெரும்பாலும் சின்ன வயசுலேயே வந்துடும், பதினெட்டு வயசுல முயற்சி பண்ணினாக் கிடைக்கிறது கஷ்டம். ஆனா நம்ம சங்கீதத்துக்கு அது தேவையே இல்லையே! நமக்குத் தேவை, ஒரு ஸட்ஜத்தைக் கொடுத்தா அதிலிருந்து மத்த ஸ்வரம் எவ்வளவு தூரம்னு சொல்ற காது. அது பழக்கத்துல வர்றது.

ஒரு வேடிக்கை பண்ணிப் பாருங்க. ஹார்மோனியமோ கீபோர்டோ கிடைச்சா கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்க. ஒரு ஸ்தாயிக்கு அஞ்சு இருக்கும். நாலரைக் கட்டையை ஸட்ஜமா வெச்சுக்கிட்டு ஏறி இறங்குங்க, மோகனம்! அதே அஞ்சு கட்டைதான், ஆனா அஞ்சரையை ஸட்ஜமா வெச்சா மத்யமாவதி. ஆறரையை வெச்சா ஹிந்தோளம். ஒண்ணரையிலிருந்து சுத்த சாவேரி, ரெண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கட்டையில ஒண்ணும் மாறல. உங்க மனசுல 'வீடு' எதுங்கறது மட்டும் மாறுச்சு, ராகமே மாறிப் போச்சு. கிரகபேதம்னு புஸ்தகத்துல ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பாங்க, அஞ்சு நிமிஷம் வாசிச்சா முடிஞ்சது. ஒவ்வொரு தடவையும் ஸட்ஜத்தை நல்லா அழுத்தி, நீட்டி, காதுல ஊற விட்டுட்டுத் தொடங்குங்க. இல்லைன்னா மறுபடி மோகனமே வந்து உட்கார்ந்துக்கும், பிடிவாதக்கார ராகம்!

சரி, தினம் என்ன பண்ணலாம்?

காலையில சுருதியைப் போட்டு ஸட்ஜத்துல நில்லுங்க. போன்ல தம்பூரா ஆப் இருந்தாலும் பரவாயில்ல, ஸ்பீக்கர்ல வையுங்க. பாடிட்டு, சுருதியை நிறுத்திடுங்க. போய்ப் பல் தேய்ங்க, பால் வாங்கிட்டு வாங்க, தம்பிகூடச் சண்டை போடுங்க. கால் மணி நேரம் கழிச்சு, சுருதி இல்லாம, ஞாபகத்துல இருந்து ஸட்ஜத்தைப் பாடுங்க. பாடிக்கிட்டே சுருதியை ஆன் பண்ணுங்க. முதல் வாரம் அசிங்கமா இருக்கும், யாருக்கும் சொல்ல வேணாம். மேல போயிருக்கோமா, கீழ வந்திருக்கோமான்னு மட்டும் கவனிங்க. பெரும்பாலானவங்க ஒரே பக்கமாத்தான் வழுக்குவாங்க. நான் எப்பவும் கீழே. உங்க பக்கம் எதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அப்புறம் நிஜத் தம்பூரா எங்கேயாவது கிடைச்சா விடாதீங்க. பாட்டு டீச்சர் வீட்டுப் பரண்ல தூசி படிஞ்சு கிடக்கும், துடைச்சுத் தர்றேன்னு கேட்டு வாங்குங்க. நல்லாச் சேர்ந்த தம்பூராவுல மந்தரத் தந்தியை மீட்டி, குடத்துக்குப் பக்கத்துல காதை வெச்சுக் கேளுங்க. யாருமே சேர்க்காத ஒரு ஸ்வரம் மேலே மெல்லிசா மிதக்கும். அந்தர காந்தாரம்! 'ஸ்வயம்பு'ன்னு அதுக்குப் பேர் வெச்சிருக்காங்க. ஸட்ஜத்துக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கிற காந்தாரம் அது. முதல் தடவை எனக்குக் கேட்டப்ப, பக்கத்து ரூம்ல யாரோ பாடறாங்கன்னு நினைச்சேன்.

இதுல கீபோர்டு நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீபோர்டுல இருக்கிற காந்தாரம், தம்பூரா தர்ற காந்தாரத்தைவிடக் கொஞ்சம் தூக்கல். எந்தக் கட்டையில இருந்து வாசிச்சாலும் ஒரே மாதிரி கேட்கணும்னு, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காப் போட்டு வெச்சிருக்காங்க. அந்தப் பங்கீட்டுல காந்தாரம் அரை ஸ்வரத்துல ஏழுல ஒரு பங்கு மேலே போயிடுது. கீபோர்டை மட்டுமே கேட்டு வளர்ந்த காதோட கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போனா, 'காந்தாரத்தை இறக்கு'ன்னு வாத்தியார் சொல்லிக்கிட்டே இருப்பார். நீங்க 'சரியாத்தானே பாடறேன்'னு முறைச்சுக்கிட்டே இருப்பீங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல!

ட்யூனர் ஆப் பத்தியும் சிலர் கேட்கிறாங்க. ஸட்ஜம், பஞ்சமம் சரிபார்க்க வெச்சுக்குங்க, தப்பில்ல. ஆனா பாடினதுக்கு அப்புறம் பாருங்க. முள்ளைப் பார்த்துக்கிட்டே பாடினா கண்ணுதான் பாடும். அப்புறம், தோடி காந்தாரத்தை அந்த ஆப்புக்கிட்ட பாடிக் காட்டுங்க. பைத்தியம் பிடிச்ச மாதிரி முள்ளு ஆடும். கமகம் அதுக்குப் புரியாது பாவம்.

ஸரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் நீங்க தூக்கத்துல பாடுவீங்க. அதுதான் பிரச்னையே. வாய் பாடும், காது தூங்கும். நடுவுல தாட்டு வரிசைன்னு ஒண்ணு இருக்கு, ஸ்வரம் விட்டு ஸ்வரம் தாவறது. நாம அதையே தாண்டிட்டு கீதத்துக்கு ஓடியிருப்போம். திரும்பப் போங்க. ஸ-க, ஸ-ம, ஸ-ப, ஸ-த... ஒவ்வொரு தாவலுக்கும் முன்னாடி, போய் விழப்போற ஸ்வரத்தை மனசுக்குள்ள கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கணும். அதே வரிசையை மாயாமாளவகௌளையில மட்டும் பாடாம, ஒரு நாள் சங்கராபரணத்துல, மறுநாள் கல்யாணியில பாடுங்க. ரெண்டுக்கும் ஆறு ஸ்வரம் பொது, மத்யமம் மட்டும்தான் வேற. ஃப்ரெண்டை விட்டு ஏதோ ஒரு மத்யமத்தைப் பாடச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு 'இது அந்த வீடு, இது இந்த வீடு'ன்னு சொல்லிப் பழகுங்க. தோத்தவங்க டீ வாங்கித் தரணும்.

இனிமே சொல்லப் போறதுதான் என் ஃபேவரைட். ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, நீங்களா ஸ்வரப்படுத்துங்க!

நெட்ல தேடினா ரெடிமேடா கிடைக்கும், தேடாதீங்க. அது வேற யாரோ ஒருத்தரோட காது. நல்லாத் தெரிஞ்ச பாட்டா எடுங்க. முழுப் பாட்டு வேண்டாம், பல்லவியில முதல் வரி. ஒரு நோட்டு, பென்சில், ரப்பர். முதல்ல ஸட்ஜத்தைத் தேடணும். பாட்டு எங்கே போய் 'அப்பாடா'ன்னு உட்காருதோ, பெரும்பாலும் அதுதான். அதைப் பிடிச்சிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன ஸ்வரம்னு பாடிப் பாடித் தேடுங்க. முதல் வரிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, அதுலயும் ரெண்டு ஸ்வரம் தப்பு. பத்தாவது பாட்டுக்கு வரும்போது பஸ்ல போறப்பவே கை தன்னால எழுத ஆரம்பிச்சிடும்.

இளையராஜா பாட்டு இதுக்கு ஒரு காலேஜ் மாதிரி. 1985-ல் வந்த 'சிந்து பைரவி' படத்துல, ஆரோகணத்தை மட்டும் வெச்சு, கல்யாணியில ஒரு பாட்டுப் போட்டிருக்கார். ஸ்வரம் ஏறும், கீழே வரணும்னா குதிச்சுத்தான் வரணும். ஜேசுதாஸ் பாடுற அழகுல நமக்கு அது தெரியவே தெரியாது. எழுதிப் பார்க்கும்போதுதான் 'அடப்பாவி!'ன்னு வாயைப் பிளப்போம். அவரோட எண்பதுகள் பாட்டு எதை எடுத்தாலும் இன்னொரு வேலையும் செய்யலாம். பாடகரை விட்டுட்டு, அடியில ஓடுற பேஸ் கிட்டாரை மட்டும் பிடிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போங்க. ரெண்டாவது வரியிலயே நழுவி, மறுபடி பாடகர்கிட்ட வந்துடுவீங்க. திரும்பப் போங்க. கூட்டத்துல ஒருத்தர் தோளைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிற மாதிரி அது.

வெஸ்டர்ன் பக்கம் போறவங்களுக்கும் இதேதான். 2008-ல் சென்னையில ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கின கே.எம். மாதிரியான இடங்களுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பலர் லண்டன் கிரேடு பரீட்சை எழுதறாங்க. அதுல ஏ.பி.ஆர்.எஸ்.எம். செயல்முறைத் தேர்வுக்கு மொத்தம் 150 மார்க், காதுப் பரிசோதனைக்கு மட்டும் 18. வாசிச்சதைக் கேட்டுத் திருப்பிப் பாடணும், எங்கே மாத்தினாங்கன்னு சொல்லணும். பியானோ மாணவர்கள் பல பேர் 'நான் எதுக்குப் பாடணும்'னு அந்த 18-ஐக் கோட்டை விடறாங்க. வயலின், வீணை, கீபோர்டு எதுவானாலும் வாய்விட்டுப் பாடுங்க. குரல் கேவலமா இருந்தாப் பரவாயில்ல, குரலுக்கா மார்க்?

தாளத்தை விட்டுட்டேன்னு அந்த மிருதங்க அண்ணன் சண்டைக்கு வருவார். ஆதி தாளம் போட்டுக்கிட்டே ரேடியோ கேளுங்க, பாட்டு தட்டுல எடுக்குதா, அரை இடம் தள்ளி எடுக்குதான்னு பாருங்க. நடக்கும்போது காலை வெச்சே பழகலாம். இதுக்கு மேல அவர்கிட்டயே கேட்டுக்குங்க.

'நிறையக் கேளு, நிறையக் கேளு'ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது போதாதா? எனக்கு அதுல அவ்வளவா நம்பிக்கை இல்ல. எங்க தெரு டீக்கடையில நாள் முழுக்கப் பாட்டு ஓடுது. மாஸ்டர் முப்பது வருஷமாக் கேட்கிறார், ஸ்வரம் சொல்லச் சொன்னா முழிப்பார். கேட்டதைத் திருப்பிப் பாடி, தப்பு எங்கேன்னு தேடினாத்தான் காது முழிச்சுக்கும். போன்ல உங்க குரலைப் பதிவு பண்ணிக் கேளுங்க. 'ஐயோ, இதா நான்?'னு இருக்கும். நமக்கு நம்ம குரல் எலும்பு வழியாவும் கேட்கிறதால எப்பவும் கொஞ்சம் கனமா, அழகாத் தெரியும். ஊருக்குக் கேட்கிறது போன்ல இருக்கிறதுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு மாசம் கேளுங்க.

இன்னொருத்தன் கதை பாக்கி இருக்கு. என் ரூம்மேட்.

அவன் பஜனைக் கோஷ்டியிலிருந்து வந்தவன். குரல்னா குரல், மைக்கே வேணாம். மூணாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூல் ப்ரேயர்ல 'நீ பின்வரிசையில நின்னு வாயை மட்டும் அசை'ன்னு யாரோ ஒரு டீச்சர் சொல்லியிருக்காங்க. அதை அவன் மறக்கவே இல்ல. வகுப்புல சுருதி கொஞ்சம் விலகும். யாராவது திரும்பிப் பார்ப்பாங்க. பயத்துல இன்னும் விலகும். 'எனக்குக் காது கிடையாதுடா'ன்னு ராத்திரி விளக்கை அணைச்ச பிறகு சொல்லுவான். நான் அவனை ட்ரான்ஸ்ஃபார்மர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம். என் சுருதியே அப்பத்தான் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, எனக்குத் தோணல. பூஜை லீவுக்கு ஊருக்குப் போனவன் வரல. பெட்டியை எடுக்க அவங்க அப்பாதான் வந்தார்.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பார்த்தேன். சொந்தமா மைக் செட் வெச்சிருக்கான். கச்சேரிக்கு முன்னாடி மைக் டெஸ்டிங். ஸ்பீக்கர் 'கூஊஊ'ன்னு ஊளையிட்டுச்சு. எல்லாரும் காதைப் பொத்தினாங்க. இவன் ஈக்குவலைசர் பக்கம் நடந்தான். அதுல 31 பட்டன் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அலைவரிசைக்கு. ஒண்ணே ஒண்ணைத் தொட்டு, ஒரு நூல் இறக்கினான். ஊளை நின்னுடுச்சு.

"எப்படிடா எதுன்னு தெரிஞ்சுது?"

"கேட்குதே" என்றான். ஏதோ நான் புரியாத கேள்வி கேட்ட மாதிரி.

31-ல ஒண்ணைச் சத்தத்தை வெச்சே பிடிக்கிறவனுக்கா காது இல்ல? நான் அதைச் சொல்லல. சொல்றதுக்கு வேளை தாண்டிப் போச்சுன்னு தோணுச்சு. 'என்ன சாப்பிட்ட?'ன்னு பேச்சை மாத்திட்டேன்.

அவன்கிட்ட நான் கத்துக்கிட்ட ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும். ஸ்பீக்கர் பக்கத்துல நிற்கும்போது அவன் காதுல பஞ்சு மாதிரி அடைப்பான் வெச்சிருந்தான். உலக சுகாதார அமைப்பு சொல்ற கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேட்கலாம். மூணு டெசிபல் கூடினா நேரம் பாதியாகும். 83-னா 20 மணி, 86-னா பத்து மணிதான். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கர் முன்னாடி ஆடறது, ராத்திரி இயர்போனை மாட்டிக்கிட்டே தூங்கறது, எல்லாம் இந்தக் கணக்குல வரும். ஆடிட்டு வந்து காதுக்குள்ள 'ங்ங்ங்'னு கேட்டா, அது சுருதிப் பெட்டி இல்ல! உள்ளே இருக்கிற நுண்முடி அணுக்கள் ஒருமுறை போனாத் திரும்ப முளைக்காது. பஸ் சத்தத்தை மீறிக் கேட்கணும்னு வால்யூமை ஏத்தாதீங்க. இறங்கின பிறகு கேட்டுக்கலாம்.

தென்காசித் தங்கச்சி, இன்னிக்கு ராத்திரி தெரு அடங்கின பிறகு அப்பாவையோ அண்ணனையோ துணைக்குக் கூட்டிக்கிட்டு உங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பக்கம் போங்க. தள்ளி நில்லுங்க, வேலிகிட்டகூடப் போகாதீங்க! உங்க கட்டை அஞ்சா, அஞ்சரையான்னு எழுதல. அஞ்சுன்னா அதுவே உங்க கீழ் ஸட்ஜம். கண்ணை மூடிக்கிட்டு உங்க ஸட்ஜத்தை மெதுவா ஆரம்பிங்க. எத்தனையாவது நாள்ல அலை நின்னுச்சுன்னு எனக்கு அடுத்த கடிதம் போடுங்க... இதே மாதிரி பேனாவால!